முதல் செஸ் போட்டிக்குக் குழந்தையைத் தயார் செய்வது: பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

வீட்டில் அப்பாவையும் தாத்தாவையும் தோற்கடிக்கும் பிள்ளை, முதல் போட்டியில் ஒன்றரைப் புள்ளியோடு திரும்பி வந்தால் பெற்றோர் குழம்பிப் போகிறார்கள். 'இன்னும் நன்றாகக் கற்றுக்கொள்ளட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று முடிவு கட்டுகிறார்கள். பெரும்பாலும் அந்த முடிவு தவறு. முதல் போட்டியில் குழந்தைகள் இழக்கும் புள்ளிகளில் பெரும்பகுதி செஸ் தெரியாததால் போவதில்லை. கிளாக்கை (இருவரின் நேரத்தையும் தனித்தனியாகக் காட்டும் கடிகாரம்) அழுத்த மறந்தது, கேஸ்லிங்கில் (ராஜாவும் யானையும் ஒரே நகர்த்தலில் இடம் மாறுவது) ராஜாவுக்கு முன் யானையைத் தொட்டது, ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை ஸ்டேல்மேட் (செக் இல்லாமலே எதிராளி நகர வழியின்றி டிராவாவது) ஆக்கியது, 'செக்மேட்' என்று எதிராளி சொன்னதை நம்பிக் கை கொடுத்தது என்றுதான் போகின்றன. இவை எல்லாவற்றையும் இரண்டு வாரத்தில் வீட்டிலேயே பழக்கிவிடலாம்.

குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆனதைப் பார்த்து செஸ் போர்டு வாங்கிக் கொடுத்த வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளம். அந்தப் போர்டிலிருந்து போட்டி அரங்கு வரை குழந்தையை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதுதான் இந்த வழிகாட்டி.

தயாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல் வரிசை) பெயர்கள் தெரிய வேண்டியதில்லை. கீழே உள்ளவை தெரிந்தால் போதும்:

- எல்லாக் காய்களும் எப்படி நகரும், கேஸ்லிங் எப்போது செய்யக் கூடாது, ஆன்-பசான் (இரண்டு கட்டம் தாவிய சிப்பாயைப் பக்கத்துச் சிப்பாய் வெட்டுவது) என்றால் என்ன.
- எதிராளியிடம் ராஜா மட்டும் இருக்கும்போது ராணியை வைத்தோ இரண்டு யானைகளை வைத்தோ செக்மேட் செய்வது.
- செக்மேட்டுக்கும் ஸ்டேல்மேட்டுக்கும் வித்தியாசம்.
- அரை மணி நேரம் பேசாமல் ஒரே இடத்தில் உட்கார்வது.

கடைசியில் உள்ளதை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. ஆறு வயதுக் குழந்தைக்கு மற்ற மூன்றையும்விடக் கடினமானது அதுதான். உட்கார முடியவில்லை என்றால் மூன்று மாதம் தள்ளிப்போடலாம், தவறில்லை. ஆனால் 'கோச் இன்னும் நாலு ஓப்பனிங் சொல்லித்தரட்டும்' என்று தள்ளிப்போடுவதால் ஒரு பயனும் கிடையாது.

எந்தப் போட்டியில் சேர்ப்பது?

முதல் போட்டி உள்ளூரில், ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் முடியும், வயதுப் பிரிவுப் போட்டியாக இருக்கட்டும். மாவட்டச் சதுரங்கக் கழகங்களும், செஸ் அகாடமிகளும், பள்ளிகளும் இவற்றை நடத்துகின்றன. ஆறு முதல் எட்டு ரவுண்டுகள் இருக்கும். ஒரு ஆட்டத்துக்கு ஒவ்வொருவருக்கும் 10 அல்லது 15 நிமிடம், சில போட்டிகளில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 5 விநாடி கூடுதல்.

சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) போட்டியில் முதலிலேயே சேர்க்க வேண்டாம். 90 நிமிடமும் நகர்த்தலுக்கு 30 விநாடியும் உள்ள கிளாசிக்கல் ஆட்டம் நான்கு மணி நேரம் வரை போகும், நாலைந்து நாள் நடக்கும். ஒவ்வொரு நகர்த்தலையும் ஸ்கோர் ஷீட்டில் எழுத வேண்டும். அதில் சேர அகில இந்திய செஸ் கூட்டமைப்பின் பதிவும் தேவை. நாலைந்து உள்ளூர்ப் போட்டிகள் ஆடிய பிறகு அங்கே போனால் குழந்தை திணறாது.

வயதுப் பிரிவில் பெற்றோர் குழம்புவது வழக்கம். போட்டி நடக்கும் நாளில் குழந்தைக்கு என்ன வயது என்று பார்ப்பதில்லை. பொதுவாக அந்த ஆண்டின் ஜனவரி 1 அன்று என்ன வயது என்பதே கணக்கு. பிப்ரவரியில் 9 வயது நிறையும் பிள்ளை, அந்த ஆண்டு முழுக்க 9 வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஆடலாம். இருந்தாலும் அறிவிப்பில் 'இந்தத் தேதியிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள்' என்று அச்சிட்டிருப்பார்கள், அதுவே இறுதி. குழந்தை கெட்டிக்காரன் என்று மேல் பிரிவில் போட்டுவிடாதீர்கள். முதல் போட்டிக்கு அவன் வயதுப் பிரிவுதான் சரி.

அறிவிப்பை வாட்ஸ்அப்பில் பார்த்ததும் ஐந்து விஷயங்களைத் தேடுங்கள்: பதிவு செய்யக் கடைசி நாள், போர்டும் காய்களும் நாம் கொண்டுவர வேண்டுமா, எத்தனை மணிக்கு ரிப்போர்ட் செய்ய வேண்டும், மதிய உணவு உண்டா, பரிசளிப்பு எத்தனை மணிக்கு. உள்ளூர்ப் போட்டிகள் பலவற்றில் குழந்தைதான் செஸ் செட் கொண்டுபோக வேண்டும். அதைக் கவனிக்காமல் வெறுங்கையோடு வந்து நிற்பவர்களைப் பல போட்டிகளில் பார்க்கலாம். வயதுச் சான்றுக்கு ஆதாரின் நகலோ பிறப்புச் சான்றிதழின் நகலோ பையில் இருக்கட்டும். அன்று காலையில் போய்ப் பதிவு செய்துகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். தாமதமாகப் பெயர் கொடுத்தால் முதல் ரவுண்டின் பேரிங்கில் (யாரோடு யார் மோதுவது என்ற பட்டியல்) சேர்க்க மாட்டார்கள்.

இரண்டு வாரம் வீட்டில் செய்ய வேண்டியவை

*செல்போனை விட்டுப் போர்டுக்கு வருவது.* இன்று பல குழந்தைகள் செஸ் கற்றுக்கொள்வதே ஆப்பில்தான். ஆப் தப்பான நகர்த்தலை அனுமதிக்காது. செக் வந்தால் சிவப்பாகக் காட்டும். கிளாக்கைத் தானே அழுத்திக்கொள்ளும். அரங்கில் இந்த உதவி எதுவும் கிடையாது. 'செக்' என்று எதிராளி வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று விதியும் இல்லை. இன்னொன்றும் இருக்கிறது: திரையில் போர்டை மேலிருந்து பார்த்துப் பழகிய கண்ணுக்கு, மேஜையில் உட்கார்ந்து சாய்வாகப் பார்க்கும்போது எதிர் மூலையில் ஒளிந்திருக்கும் பிஷப் தெரியாது. எனவே இந்த இரண்டு வாரமும் தினம் ஒரு ஆட்டமாவது நிஜப் போர்டில் ஆட வேண்டும். ஒரு கட்டம் 5 முதல் 6 செ.மீ., ராஜா ஏறக்குறைய 9.5 செ.மீ. உயரம் இருக்கும் சுருட்டி எடுத்துப்போகும் போர்டு வாங்குங்கள். காந்தம் வைத்த சின்னப் போர்டு பயணத்துக்கு மட்டும்தான்.

*தொட்டால் நகர்த்த வேண்டும்.* தன் காயைத் தொட்டால் அதைத்தான் நகர்த்த வேண்டும், எதிராளியின் காயைத் தொட்டால் அதை வெட்ட முடிந்தால் வெட்டியே ஆக வேண்டும். வீட்டில் இந்த விதியைத் தளர்த்தாதீர்கள். 'பரவாயில்லை கண்ணு, மாத்தி வை' என்று பாட்டி விட்டுக்கொடுப்பது பாசம்தான், ஆனால் அதே பழக்கத்தில் குழந்தை அரங்கில் ராணியைத் தொட்டுவிட்டு அழும். யோசிக்கும் நேரத்தில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கோணலாக நிற்கும் காயைச் சரிசெய்ய வேண்டுமென்றால், தன் முறை வரும்போது, தொடுவதற்கு முன்பே 'அட்ஜஸ்ட்' என்று சொல்ல வேண்டும். தொட்ட பிறகு சொன்னால் செல்லாது.

*கிளாக்.* செல்போனிலேயே இலவச செஸ் கிளாக் ஆப் இருக்கிறது. 15 நிமிடம், 5 விநாடி என்று அமைத்துப் பக்கத்தில் வையுங்கள். எந்தக் கையால் காயை நகர்த்தினோமோ அந்தக் கையால்தான் அழுத்த வேண்டும். நகர்த்தும் முன்பே அழுத்துவதும், ஓங்கி அடிப்பதும் கூடாது. புதுக் குழந்தைகள் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். ஒரு சாரார் அழுத்தவே மறந்து, எதிராளி யோசிக்கும் நேரத்திலும் தங்கள் நேரத்தைக் கரைக்கிறார்கள். இன்னொரு சாரார் கிளாக்கைப் பார்த்த பதற்றத்தில் 15 நிமிட ஆட்டத்தை 3 நிமிடத்தில் முடித்துவிட்டு வெளியே வருகிறார்கள். இரண்டாவதுதான் அதிகம். அதற்கு ஒரு பயிற்சி: எதிராளி நகர்த்தியதும் 'இது எதைத் தாக்குது?' என்று மனதுக்குள் கேட்டுப் பதில் கிடைத்த பிறகே கை வெளியே வரலாம்.

*கேஸ்லிங்கும் சிப்பாய் ராணியாவதும்.* கேஸ்லிங்கில் முதலில் ராஜாவைத்தான் தொட வேண்டும், ஒரே கையால் முடிக்க வேண்டும். யானையை முதலில் தொட்டுவிட்டால் அந்தப் பக்கம் அந்த நகர்த்தலில் கேஸ்லிங் கிடையாது, யானையைத்தான் நகர்த்தியாக வேண்டும். சிப்பாய் கடைசி வரிசைக்குப் போனதும் அதை எடுத்துவிட்டு ராணியை வைத்த பிறகே கிளாக்கை அழுத்த வேண்டும். சிப்பாயை அப்படியே விட்டுவிட்டு அழுத்தினால் அது விதிமீறிய நகர்த்தல். யானையைத் தலைகீழாக வைத்து 'இதுதான் ராணி' என்று சொல்வது வீட்டோடு சரி, விதிப்படி அது யானைதான். ராணி கைக்கு எட்டவில்லை என்றால் கிளாக்கை நிறுத்திவிட்டு நடுவரிடம் கேட்கலாம்.

ரேபிட் (15 நிமிடம் போன்ற குறைந்த நேர) ஆட்டத்தில் விதிமீறிய நகர்த்தலைச் செய்து கிளாக்கை அழுத்தினால், முதல் முறை எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். இரண்டாவது முறை பொதுவாக ஆட்டமே போய்விடும். இதைக் குழந்தையிடம் மிரட்டலாகச் சொல்லாமல் முன்கூட்டியே தகவலாகச் சொல்லி வைத்தால் அங்கே திகைத்து நிற்காது.

*ஸ்டேல்மேட்டைத் தவிர்ப்பது.* ஒரு நிலையை வைத்துக் காட்டுங்கள். எதிராளியிடம் ராஜா மட்டும், அது எச்8 மூலையில் இருக்கிறது (போர்டின் ஓரத்தில் உள்ள எழுத்தும் எண்ணும் சேர்ந்ததே கட்டத்தின் பெயர்). உங்கள் ராணி ஜி6-இல் வந்து நிற்கிறது. செக் இல்லை, ஆனால் ராஜா போக ஒரு கட்டமும் இல்லை. ராணி கூடுதலாக வைத்திருந்தும் அரைப் புள்ளிதான். பத்து வயதுக்குட்பட்டவர்களின் ஆட்டங்களில் தவறாமல் நடக்கும் விபத்து இது. எதிராளியிடம் ராஜா மட்டும் இருக்கும்போது, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன் 'அந்த ராஜா அடுத்து எங்கே போகும்?' என்று விரலால் தொடாமல் கண்ணால் காட்டப் பழக்குங்கள். ராஜா போர்டின் ஓரத்துக்கு வந்துவிட்டால் ராணியால் துரத்துவதை நிறுத்திவிட்டு, தன் ராஜாவைப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். செக்மேட் செய்யத் தெரியாமல் சுற்றிக்கொண்டே இருந்தால், சிப்பாய் நகராமலும் காய் வெட்டப்படாமலும் இருவரும் 50 நகர்த்தல்கள் கடந்ததும் எதிராளி டிரா கேட்கலாம்.

*நாலு நகர்த்தலில் செக்மேட்.* முதல் ரவுண்டில் யாராவது ஒருவர் இதை முயற்சிப்பார். வெள்ளை ஈ4, கறுப்பு ஈ5. வெள்ளை ராணி எச்5-க்கு வருகிறது. உடனே ஜி6 என்று ராணியை விரட்டத் தோன்றும், விரட்டினால் ராணி ஈ5 சிப்பாயைச் செக்கோடு வெட்டி அடுத்து எச்8 யானையையும் எடுத்துவிடும். முதலில் குதிரையை சி6-இல் வைத்து ஈ5-ஐக் காக்க வேண்டும். பிஷப் சி4-க்கு வந்து எஃப்7-ஐக் குறிவைத்ததும், இப்போது ஜி6. ராணி எஃப்3-க்குப் பின்வாங்கினால் இன்னொரு குதிரையை எஃப்6-இல் வைத்து வழியை மறைத்துவிடலாம். இந்த மூன்று பதில்களையும் பத்து முறை ஆடிக் காட்டினால், முதல் போட்டிக்கு இதைவிடப் பெரிய ஓப்பனிங் பாடம் தேவையில்லை.

*கை தூக்குவது.* செஸ் சம்பந்தமில்லாத பயிற்சி போலத் தெரியும், ஆனால் முக்கியமானது. கூச்ச சுபாவமுள்ள குழந்தை நடுவரைக் கூப்பிடவே மாட்டாது. வீட்டில் நீங்களே வேண்டுமென்று ராஜாவை செக்கில் விட்டுவிட்டு வேறு காயை நகர்த்துங்கள். குழந்தை என்ன செய்ய வேண்டும்? ராஜாவை வெட்டக் கூடாது, அது விதிமீறல். தன் நகர்த்தலையும் செய்யக் கூடாது, செய்துவிட்டால் ரேபிட்டில் பிறகு முறையிட முடியாது. கிளாக்கை நிறுத்தி, கையைத் தூக்கி, 'சார்' அல்லது 'மேடம்' என்று கூப்பிட்டு நடந்ததைச் சொல்ல வேண்டும். மூன்று நாலு தடவை ஒத்திகை பார்த்தால் பயம் தெளிந்துவிடும்.

ஸ்விஸ் முறை: பெற்றோர் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டியது

தோற்றால் வெளியே போகும் நாக்-அவுட் அல்ல இது. எல்லாரும் எல்லா ரவுண்டும் ஆடலாம். வெற்றிக்கு 1, டிராவுக்கு அரை, தோல்விக்கு 0. ஒவ்வொரு ரவுண்டிலும் ஒரே புள்ளி எடுத்தவர்கள், அல்லது அதற்கு நெருக்கமாக இருப்பவர்கள், ஒருவரோடு ஒருவர் மோதுவார்கள்.

முதல் ரவுண்டில் பட்டியலை இரண்டாகப் பிரித்து மேல் பாதியையும் கீழ் பாதியையும் மோத விடுவார்கள். 100 பேர் என்றால் 1-ஆம் எண்ணுக்கு 51, 2-க்கு 52. ரேட்டிங் இல்லாத புதுக் குழந்தை கீழ்ப் பாதியில் இருந்தால், முதல் எதிராளி அனுபவசாலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த ஆட்டம் போகலாம், இரண்டாவதும் போகலாம். மூன்றாவது, நாலாவது ரவுண்டில்தான் அதே பலத்தில் உள்ள எதிராளி வருவார். 'ரெண்டு தோத்துட்டான், வா வீட்டுக்குப் போகலாம்' என்று பெற்றோர் கூட்டிப்போவது, ஆட்டம் சமமாக ஆரம்பிக்கும் அந்த நேரத்தில்தான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கடைசி ரவுண்டு வரை உட்கார்ந்து ஆடுவதே முதல் போட்டியின் இலக்கு. காய்ச்சல் போன்ற காரணத்தால் போயே ஆக வேண்டுமென்றால் நடுவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், இல்லையென்றால் அடுத்த ரவுண்டில் இன்னொரு குழந்தை ஆளில்லாத நாற்காலியின் முன் காத்திருக்கும்.

ஆடுபவர்கள் ஒற்றைப்படை எண்ணில் இருந்தால் ஒருவருக்கு 'பை' கிடைக்கும், அதாவது ஆடாமலே 1 புள்ளி. அது அவமானமில்லை, பரிசுமில்லை. குழந்தைக்கு முன்பே சொல்லி வையுங்கள், இல்லையென்றால் 'என்னை ஆட விடல' என்று அழும்.

போட்டி நாள்

முந்தின நாள் இரவு ஒன்பதரைக்கெல்லாம் தூங்க வைத்துவிடுங்கள். காலையில் புதிதாக எதுவும் சொல்லித்தர வேண்டாம்.

பையில்: செஸ் செட் (காய்களை எண்ணிப் பாருங்கள், 32 இருக்க வேண்டும், கூடுதல் ராணிகள் இருந்தால் நல்லது), இரண்டு பேனா, தண்ணீர், வாழைப்பழம், இட்லியோ தயிர்சாதமோ, ரவுண்டுகளுக்கு நடுவே நேரம் போக்க ஒரு கதைப்புத்தகம். மதியம் பிரியாணி வாங்கிக் கொடுத்தால் அடுத்த ரவுண்டில் கண் சொருகும். இடைவேளையில் செல்போன் கேம் கொடுப்பதும் வேண்டாம், கண்ணும் மனசும் களைத்துப் போகும். செல்போனும் ஸ்மார்ட் வாட்சும் குழந்தையிடம் அரங்குக்குள் இருக்கவே கூடாது, இருந்தால் ஆட்டத்தைத் தோல்வி என்று அறிவிக்க விதி இடம் தருகிறது.

பேரிங் பட்டியல் சுவரில் ஒட்டப்படும், அல்லது செஸ்-ரிசல்ட்ஸ் தளத்தில் ஏறும். இடப்பக்கம் பெயர் இருந்தால் வெள்ளை, வலப்பக்கம் இருந்தால் கறுப்பு. போர்டு எண்ணைக் குழந்தையின் கையில் எழுதிவிடுங்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் இருப்பது சகஜம், உட்கார்ந்ததும் எதிராளியின் பெயரைக் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். தப்பான போர்டில் ஆடி முடித்த ஆட்டத்தைச் சரிசெய்வது நடுவருக்கும் தலைவலி. வலது கை மூலையில் வெள்ளைக் கட்டம் இருக்கிறதா, ராணி தன் நிறத்துக் கட்டத்தில் நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ரேபிட்டில் இருவரும் பத்து நகர்த்தல்கள் முடித்துவிட்டால் தப்பாக அடுக்கியதைப் பற்றிப் புகார் செய்ய முடியாது.

ஒவ்வொரு ரவுண்டுக்கும் முன் பாத்ரூம் கூட்டிப்போங்கள். ஆட்டத்தின் நடுவே போக வேண்டுமென்றால் நடுவரிடம் கேட்டுவிட்டுப் போகலாம், ஆனால் கிளாக் ஓடிக்கொண்டேதான் இருக்கும். இந்த அனுமதி உண்டு என்று தெரியாமல் அடக்கிக்கொண்டு அவசர அவசரமாக ஆடித் தோற்கும் சின்னப் பிள்ளைகள் உண்டு.

ஆட்டம் முடியும்போது

தகராறுகள் வெடிக்கும் நேரம் இது. எதிராளி 'செக்மேட்!' என்று கையை நீட்டினால் உடனே குலுக்கக் கூடாது. ராஜா நகர இடம் இருக்கிறதா, செக் கொடுத்த காயை வெட்ட முடியுமா, நடுவில் ஏதாவது காயை வைத்து மறைக்க முடியுமா என்று மூன்றையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் கையைத் தூக்க வேண்டும். நடுவர் வந்து பார்க்கும்வரை காய்களைக் கலைக்கக் கூடாது. கலைத்துவிட்டு 'நான்தான் ஜெயிச்சேன்' என்று இருவரும் சொன்னால் நடுவரால் எதையும் நிரூபிக்க முடியாது. முடிவு எந்தப் பெயருக்கு நேரே எழுதப்படுகிறது என்பதையும் குழந்தை பார்த்துவிட்டு எழுந்திருக்கட்டும்.

எதிராளியின் நேரம் தீர்ந்துவிட்டால் அதையும் சொல்ல வேண்டும், சும்மா இருந்தால் யாரும் கவனிக்காமல் போகலாம். ஆனால் தன்னிடம் வெறும் ராஜா மட்டும் இருந்தால் வெற்றி கிடையாது, டிராதான். எதிராளி நச்சரித்து நச்சரித்து 'டிராவா? டிராவா?' என்று கேட்டால் அது தொந்தரவு, அதற்கும் கை தூக்கலாம்.

முடிவைப் பற்றிப் பெற்றோருக்குக் குறை இருந்தால் அடுத்த ரவுண்டின் பேரிங் வருவதற்கு முன் தலைமை நடுவரிடம் அமைதியாகச் சொல்லுங்கள். ஜன்னல் வழியாகக் கை காட்டுவதும், அரங்கின் வாசலில் நின்று எதிராளிப் பிள்ளையைத் திட்டுவதும் உங்கள் குழந்தையைத்தான் கூனிக்குறுக வைக்கும்.

தோற்று வெளியே வரும் குழந்தையிடம்

'ஜெயிச்சியா?' என்ற கேள்வி முதலில் வாயில் வரும். அதை அடக்கிக்கொண்டு 'தண்ணி குடிக்கிறியா?' என்று கேளுங்கள். முகத்தைப் பார்த்தாலே முடிவு தெரிந்துவிடும். அழுதால் அழட்டும், பத்து நிமிடத்தில் அடங்கும். அடுத்த ரவுண்டு வரை எங்கே தவறு நடந்தது என்று ஆராய வேண்டாம், செல்போனில் உள்ள செஸ் எஞ்சினில் (ஆட்டத்தை ஆராயும் மென்பொருள்) போட்டுப் பார்க்கவே வேண்டாம். 'அந்தப் பையன்கிட்டயா தோத்த?' என்ற ஒரே வாக்கியம் மிச்ச எல்லா ரவுண்டுகளையும் கெடுத்துவிடும். ஜெயித்து வந்தால் சந்தோஷப்படுங்கள், ஆனால் அடுத்தவனைக் குறைத்துப் பேசாதீர்கள், அடுத்த ரவுண்டில் அதே பிள்ளையின் நண்பன் எதிரே உட்காருவான்.

கோப்பை கிடைக்காவிட்டாலும் முடிந்தால் பரிசளிப்பு வரை இருங்கள். தன்னோடு ஆடியவன் கோப்பை வாங்குவதைப் பார்க்கும் குழந்தைக்கு அது எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது என்று தெரியும்.

அதற்கு அடுத்த வாரம்

இரண்டு நாள் கழித்து, குழந்தைக்கு நினைவிருக்கும் ஒரு ஆட்டத்தை மட்டும் போர்டில் வைத்துப் பேசுங்கள். எந்த இடத்தில் பயமாக இருந்தது, எங்கே அவசரப்பட்டோம் என்பது அதில் தெரிந்துவிடும். ஒரு நோட்டில் ரவுண்டு வாரியாக எதிராளி, நிறம், முடிவு, காரணம் என்று ஒரு வரி எழுத வையுங்கள். மூன்று போட்டிகளின் பக்கங்களைச் சேர்த்துப் பார்த்தால் 'வேகமாக ஆடினேன்' என்பது நாலு இடத்தில் இருக்கும், கோச்சிடம் காட்ட இதைவிட நல்ல குறிப்பு கிடையாது.

அடுத்த போட்டி நாலு முதல் ஆறு வாரத்துக்குள் இருக்கட்டும். வாராவாரம் கூட்டிப்போனால் கற்றுக்கொள்ள நேரமிருக்காது, ஆறு மாதம் விட்டால் பழையபடி பயம் வந்துவிடும். இந்த இடைவெளியில் நகர்த்தல்களை எழுதிப் பழகுவதையும் தொடங்கலாம்: வீட்டில் ஆடும் ஆட்டங்களில் வாரத்துக்கு ஒன்றை ஸ்கோர் ஷீட்டில் எழுதட்டும். முதலில் நகர்த்திவிட்டுத்தான் எழுத வேண்டும் என்பதையும் அப்போதே பழக்கிவிடுங்கள்.

ரேட்டிங்குக்கு அவசரம் வேண்டாம். ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது ஐந்து ஆட்டங்கள் ஆடினால்தான் முதல் ரேட்டிங் கணக்கிடப்படும், 2024 மார்ச் முதல் ஃபிடே பட்டியலில் இடம்பெறக் குறைந்தபட்சம் 1400 தேவை. அதை எட்டாத குழந்தையின் பெயருக்கு நேரே எண் இருக்காது, அவ்வளவுதான். ரேட்டிங் போட்டிக்குப் பெயர் கொடுக்கலாமா என்று முடிவு செய்ய ஒரு எளிய சோதனை: வீட்டில் எழுதிய ஸ்கோர் ஷீட்டை ஒரு வாரம் கழித்து எடுத்துக் கொடுத்து, அதைப் பார்த்தே அந்த ஆட்டத்தை முதல் நகர்த்தலிலிருந்து கடைசி வரை தடங்கலின்றிப் போர்டில் ஆடிக் காட்டச் சொல்லுங்கள். காட்டிவிட்டால் பெயர் கொடுக்கலாம்.